கையைப் பார்த்து வாங்குங்கள்: வேளாங்கண்ணியில் ஒரு சுரூபக் கடை

வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற கடைத்தெருவில் சுரூபம், அதாவது புனிதர் சிலை, விற்காத கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மெழுகுதிரி, ஜெபமாலை, உத்தரியம், கருவாடு, பொரிகடலை, நடுவே வரிசையாகப் புனிதர்கள். நான் எழுதப்போகிற கடை அந்தத் தெருவில் இல்லை, அதிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் இருக்கிறது. பெயரை எழுதிப் பயனில்லை. இங்கே பாதிக் கடைகளுக்கு ஆரோக்கிய மாதா பெயர்தான். வாசலில் எப்போதும் கையோ சிறகோ இல்லாத யாராவது ஒருவர் பெயிண்டுக்காகக் காத்துக்கொண்டு வெயிலில் நிற்பார். நான் போனபோது மிக்கேல் அதிதூதர் நின்றார்.

அழகான முகம் வேண்டும் என்பவர்கள் தெருவிலேயே வாங்கிவிடலாம், விலையும் குறைவு. இந்தக் கடையில் முகங்கள் சுமார்தான். கன்னத்தில் ரோஸ் கொஞ்சம் தூக்கல். ஆனால் புனிதரின் கையில் என்ன இருக்க வேண்டும், காலடியில் எந்த மிருகம் படுத்திருக்க வேண்டும் என்று தெரிந்து செய்கிற இடம், நான் பார்த்த வரையில் இது ஒன்றுதான். நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் செயலாளர். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம்.

சுரூபக் கடைகளில் ஒரு ரகசியம் உண்டு. தாடி வைத்த புனிதர்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே தலை அச்சுதான். சூசையப்பர் (யோசேப்பு), ராயப்பர் (பேதுரு), யூதா ததேயு எல்லோரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதற்குக் காரணம் அது. ஆளை அடையாளம் காட்டுவது கையில் இருக்கும் சாமான் மட்டுமே. சாவி இருந்தால் ராயப்பர், வாள் இருந்தால் சின்னப்பர் (பவுல்), தராசு இருந்தால் மிக்கேல். எழுத்துத் தெரியாத ஜனங்கள் கோயிலுக்குள் வந்து பார்த்தவுடன் யார் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகப் பல நூறு வருடம் கட்டிக் காத்த ஏற்பாடு இது. ஃபைபர் அச்சு வந்த பிறகு, வார்க்கும்போது உடைகிறது, லாரியில் போகும்போது முறிகிறது என்று சின்னச் சின்ன சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். சாமான் போனால் ஆளே போச்சு.

எங்களுக்குத் தேவைப்பட்டது வனத்து அந்தோணியார். திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கெபியில் (சுரூபம் வைக்கிற சின்னக் குகை மாடத்தில்) இருந்த பழைய பிளாஸ்டர் சுரூபம் மழையில் ஊறி உதிர்ந்துவிட்டது. தெருவில் முதலில் நுழைந்த கடையில் ‘அந்தோணியார்’ என்றதும் குழந்தை இயேசுவைக் கையில் வைத்திருக்கும் கோடி அற்புதர் அந்தோணியாரைக் காட்டினார்கள். அவர் வேறு, இவர் வேறு. கோடி அற்புதர் 1195-இல் லிஸ்பனில் பிறந்து 1231-இல் இத்தாலியின் பதுவையில் இறந்தவர். வனத்தார் அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் மூத்தவர், எகிப்துப் பாலைவனத்துத் துறவி. ‘அதுக்கென்ன சார், குழந்தையை எடுத்துட்டு தாடி வச்சுக் குடுத்துடறோம்’ என்றார் கடைக்காரர். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சந்துக் கடையில் கேட்டதும் பெரியவர் ஒருவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, ‘பன்னியோடவா, பன்னி இல்லாமலா?’ என்றார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இங்கேதான் வாங்குவது என்று.

வனத்து அந்தோணியாரின் காலடியில் பன்றி நிற்க வேண்டும். கையில் ‘டி’ வடிவக் கைத்தடி, அதில் ஒரு மணி. சில பழைய படங்களில் காலடியில் தீயும் எரியும். என்னோடு வந்திருந்த கமிட்டிப் பெரியவருக்கு இது தெரியாது. ‘கோயிலுக்குள்ள பன்னியா? ஊர்ல போய் எப்படிய்யா சொல்றது?’ என்று கடையிலேயே ஆரம்பித்துவிட்டார். பன்றி என்றால் பேயின் சோதனை, பாலைவனத்தில் துறவியைத் தொல்லை செய்த இச்சைகளின் உருவம் என்று ஒரு விளக்கம் உண்டு. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது மற்ற விளக்கம். 1095 வாக்கில் பிரான்சில் இவர் பெயரால் ஒரு மருத்துவத் துறவற சபை தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ரை தானியத்தில் பூஞ்சை பிடித்து, அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கை கால் நெருப்புப் பட்டது போல எரிந்து, கறுத்து, அழுகி விழும். அதற்கே அந்தோணியார் நெருப்பு என்று பெயர். இந்தச் சபையார் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, நல்ல ரொட்டி கொடுத்து, புண்ணுக்குப் பன்றிக் கொழுப்பில் செய்த மருந்து தடவினார்கள். அதற்காக வளர்த்த பன்றிகள் ஊருக்குள் தாராளமாக மேயலாம், கழுத்தில் மணி கட்டியிருந்தால் யாரும் விரட்டக் கூடாது. ஆக அந்தப் பன்றி ஒரு மருந்துப் பெட்டி. தீ அந்த நோய். மணி, இது ஆஸ்பத்திரிப் பன்றி என்கிற அறிவிப்பு.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கடைப் பெரியவர் உள்ளே போய்ப் பன்றி அச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு இந்த ரொட்டிக் கதையெல்லாம் தெரியாது. ‘எங்கப்பா காலத்துல ஒரு சாமியார் படம் வரஞ்சு குடுத்தார் சார், அப்படியே செஞ்சுக்கிட்டு வர்றோம்’ என்றார். பன்றியைச் சும்மா சொல்லக் கூடாது. வெளிநாட்டு ரோஸ் பன்றி கிடையாது, நம்மூர்க் கறுப்புப் பன்றி. முதுகில் மயிர் குத்திட்டு நிற்கிற மாதிரி ஈர வார்ப்பில் சீப்பால் கோடு இழுத்திருக்கிறார். ஒரு காது மடங்கியும் ஒரு காது நிமிர்ந்தும் இருக்கும். கழுத்து மணியைப் பெயிண்டில் வரைந்து ஒப்பேற்றாமல், ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற நிஜமான வெண்கல மணியைச் சின்னக் கம்பியில் கோத்து மாட்டிவிட்டார். சப்பரத்தில் தூக்கும்போது அது குலுங்கிச் சத்தம் வரும். மூன்று அடி ஃபைபர் சுரூபம் 14,500 ரூபாய், பன்றிக்குத் தனியாக 1,800. பன்றியின் விலைக்குக் கமிட்டிப் பெரியவர் முகம் சுளித்தார், பன்றிக்குச் சுளிக்கவில்லை. அதற்குள் மனசு மாறிவிட்டது. அவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு மாடு. இவருடைய திருநாள் ஜனவரி 17, மாட்டுப் பொங்கலை ஒட்டி வருகிறது. ரோமில்கூட அன்றைக்குத்தான் ஆடு மாடுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறார்கள் என்றதும், ‘அப்ப நம்ம ஆளுதான்’ என்றார்.

அடுத்தது சவேரியார், நம் கடற்கரையில் வேதம் போதித்தவர். இது இந்தக் கடையின் சிறந்த வேலை என்று நான் சொல்வேன். மற்ற கடைகளில் சவேரியார் ஒரு கையில் சிலுவையைத் தூக்கிப் பிடித்து நிற்பார், அவ்வளவுதான். இங்கே கால் பக்கத்தில் ஒரு நண்டு, தன் கொடுக்கில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறது. 1546-இல் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளில் செராம் பக்கம் படகில் போகும்போது புயல் அடிக்க, சவேரியார் தம் சிலுவையைக் கடலில் தோய்த்தார், அது நழுவி விழுந்துவிட்டது, மறுநாள் கரையில் ஒரு நண்டு அதைக் கொண்டுவந்து கொடுத்தது என்பது கதை. அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்க நடந்த விசாரணையில் இதையும் சாட்சியமாகப் பதிந்திருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் நம் கடற்கரைக்கு இந்த நண்டு புதிதல்ல. முதுகில் வெளிர் நிறத்தில் சிலுவைக் குறி உள்ள நண்டு தூத்துக்குடி, பாம்பன் வலைகளில் ஏறும். சிலுவை நண்டு என்றே மீனவர்கள் சொல்கிறார்கள். கடைப் பெரியவர் சுரூபத்து நண்டின் முதுகிலும் அந்தக் குறியை வைத்திருக்கிறார். செங்கல் நிறத்தில் முதுகு, அதில் பழுப்பேறிய வெள்ளைச் சிலுவை, ஓரத்தில் முள் முள்ளாக விளிம்பு. மார்க்கெட்டில் நண்டு வாங்கிவந்து பார்த்துச் செய்தாராம். ‘அப்புறம் அந்த நண்டை என்ன செஞ்சீங்க ஐயா?’ என்று கேட்டேன். ‘குழம்பு’ என்றார்.

சவேரியாரின் இன்னொரு கையில் ஒரு மணியும் கேட்டு வாங்கலாம். கோவாவில் அவர் தெருவில் மணி அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளை மறைக்கல்விக்குக் கூட்டிவந்தார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிக் கடற்கரைக்கு, வந்தவரும் அதே ஆள்தானே, மணி இருந்தால் பொருத்தமாக இருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் இருக்கிறது.

உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிற ரோமப் படைவீரர் செபஸ்தியார் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்கள் அம்புகளைச் சுரூபத்தோடு சேர்த்து வார்ப்பதில்லை. உடம்பில் துளை விட்டு, பித்தளை அம்புகளைத் தனியாகச் செருகுகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் அம்பு காணாமல் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான், அதனால் இரண்டு அம்பு உபரியாகவும் தருகிறார்கள். நல்ல வியாபார புத்தி. கல்லாவில் இருந்த மருமகள், ‘அம்பு பட்டுச் செத்தவர்தானே சார்’ என்றார். இல்லை. அம்பு பட்டும் பிழைத்தார். ஐரின் என்ற விதவை காயத்துக்கு மருந்திட்டுக் காப்பாற்றினார். மறுபடியும் போய்ப் பேரரசன் முன்னால் நின்று பேசியதால் தடியால் அடித்துக் கொன்றார்கள். அப்படியானால் கையில் தடியைக் கொடுக்காமல் உடம்பில் ஏன் அம்பு? கொள்ளைநோயை வானத்திலிருந்து வருகிற அம்பாகப் பார்ப்பது கிரேக்கர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். 91-ஆம் சங்கீதத்திலும் பகலில் பாய்கிற அம்பும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வருகின்றன. அம்பு துளைத்தும் சாகாதவர் என்றால் கொள்ளைநோய்க்கு அவரை விட்டால் யார்? கேரளத்தில் இவருடைய திருநாளில் அம்பை வீடு வீடாக எடுத்துப் போவதும் அந்த வழிதான். மருமகள் இதைக் கேட்டுவிட்டு, அடுத்து வந்தவரிடம் அப்படியே சொல்லி ஒரு செபஸ்தியாரை விற்றுவிட்டார். எனக்குக் கமிஷன் கிடையாது.

இப்போது குறைகள். முதலாவது பெலிக்கன். நற்கருணைப் பேழையின் (பூசையில் இயேசுவின் உடலாகக் கொடுக்கிற அப்பத்தை வைக்கும் பெட்டியின்) கதவுக்கு ஒட்டுகிற பித்தளைத் தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள்: தாய்ப்பறவை தன் மார்பைக் கொத்தி ரத்தம் எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. நற்கருணைக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் நற்கருணைப் பாட்டிலேயே இயேசுவைப் பெலிக்கன் என்று அழைத்தார். ஆனால் தகட்டில் இருப்பது பெலிக்கனே இல்லை. வளைந்த அலகு, கூர் நகம், ஏறக்குறையக் கழுகு. இது இவர்கள் தவறு மட்டும் அல்ல, பெலிக்கனைக் கண்ணால் பாராத ஐரோப்பியச் சிற்பிகள் செதுக்கியதைப் பார்த்துச் செதுக்கி வந்த பரம்பரைத் தவறு. ஆனால் நமக்கு என்ன தலைவிதி? நம்மிடம் அதே பறவை, கூழைக்கடா, இருக்கிறதே! நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்தில் மரத்துக்கு மரம் கூடு கட்டுகிறது. நீள அலகு, கீழே தொங்கும் பை. பையில் உள்ள மீனைக் குஞ்சுக்குக் கொடுக்க அது அலகை மார்பில் அழுத்துவதைப் பார்த்துத்தான் ரத்தக் கதை பிறந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நண்டுக்கு மார்க்கெட் வரை போன பெரியவர் கூழைக்கடாவையும் ஒருமுறை பார்க்கலாம். சொன்னேன். ‘அச்சு பழசு சார், மாத்தணும்னா செலவு’ என்றார். நான் தகடு வாங்கவில்லை.

இரண்டாவது, லூர்து மாதாவின் பாதம். 1858-இல் பிரான்சின் லூர்து ஊரில் பெர்னதெத் என்ற சிறுமி காட்சியில் பார்த்த பெண்ணின் ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மஞ்சள் ரோஜா இருந்தது. இங்கே சிறிய அளவுச் சுரூபங்களில் ரோஜாவுக்குப் பதில் ஒரு மஞ்சள் பொட்டு. தூரத்தில் நின்று பார்த்தால் செருப்பு வார் மாதிரித் தெரிகிறது. இரண்டடிக்கு மேல் போனால் இதழ் பிரித்து ஒழுங்காகச் செய்கிறார்கள், அதற்குக் குறைந்தால் பொட்டுதான். கேட்டு வாங்க வேண்டும்.

கோடி அற்புதரையும் கேட்டு வாங்குங்கள். அவரும் சூசையப்பரும் குழந்தை, லீலி மலர் இரண்டையும் வைத்திருப்பார்கள், அதனால் குழப்பம் எளிது. கோடி அற்புதருக்கு உச்சந்தலை மழித்திருக்கும், தாடி இராது, பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு. கயிற்றில் மூன்று முடிச்சு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற துறவற வார்த்தைப்பாடுகள். இந்தக் கடையில் நிஜக் கயிறு முறுக்கி மூன்று முடிச்சுப் போட்டு அதன்மேல் பெயிண்ட் அடிக்கிறார்கள். தெருக் கடை ஒன்றில் ஐந்து முடிச்சு எண்ணினேன். கூடுதலாக என்ன வார்த்தைப்பாடு கொடுத்தாரோ!

இயேசுவின் சீடர் தோமையார் கிடைக்கிறார், ஒரு கையில் ஈட்டி, மறுகையில் மூலைமட்டம். தச்சன் என்று சொல்லி அரசன் கொந்தபாருக்கு விற்கப்பட்டவர், அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உனக்கு விண்ணுலகில் கட்டியிருக்கிறேன் என்றவர், அதனால் மூலைமட்டம். சென்னைக்காரர் ஒருவர் மயிலோடு வேண்டும் என்று ஆர்டர் கொடுத்திருந்தார், அதுவும் பாதி வேலையில் நின்றது. மயிலாப்பூரை நினைத்துக் கேட்டிருப்பார் என்றாலும் அதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. மயில்களுக்கு நடுவே ஜெபித்துக்கொண்டிருந்தவர்மேல், மயிலுக்கு விட்ட அம்பு பட்டுவிட்டது என்று மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். ஈட்டி மறைந்து அம்பு வந்துவிடுகிறது, இருக்கட்டும். பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் மயில் அழியா வாழ்வின் அடையாளம், மயில் கறி அழுகாது என்பது பழைய நம்பிக்கை. புனித அகுஸ்தீனார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இதைச் சோதித்தே பார்த்தார். விருந்தில் பரிமாறிய மயில் கறியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொல்லி, முப்பது நாள் கழித்தும் நாற்றம் இல்லை, ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் காய்ந்து சுருங்கியிருந்தது என்று எழுதுகிறார். வறுத்த கறி உலர்ந்தால் கருவாடு மாதிரி இருக்கத்தான் செய்யும் என்று கமிட்டிப் பெரியவர் அடித்துச் சொன்னார். நான் அகுஸ்தீனாருக்காக வாதாடவில்லை.

கிறிஸ்துமஸ் குடில் செட்டுகளும் உண்டு. பொம்மைகள் சாதாரணம். ஒரே நல்ல விஷயம், மாட்டையும் கழுதையையும் சரியான அளவில் செய்திருக்கிறார்கள், இரண்டும் குழந்தையைப் பார்த்துக் குனிகின்றன. நற்செய்தியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. மாடு தன் சொந்தக்காரனை அறியும், கழுதை எஜமானின் தீவனத் தொட்டியை அறியும், என் மக்களுக்குத்தான் அறிவில்லை என்ற எசாயா முதல் அதிகார வரியிலிருந்து வந்தவை. அதனால் அவை குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டும். பல செட்டுகளில் மாடு வாசலைப் பார்த்து நிற்கும்.

உறங்கும் சூசையப்பருக்கு இப்போது நல்ல கிராக்கி. 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் மணிலாவில், கவலையைக் காகிதத்தில் எழுதி அவருக்கு அடியில் வைத்துவிடுவேன் என்று பேசிய பிறகு வந்த மவுசு. அரை அடி 450 ரூபாய், அடியில் காகிதம் வைக்கப் பள்ளம்கூட விட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இல்லாதவை: தட்டில் கண்களோடு லூசியம்மாள், ரொட்டி கவ்விய நாயோடு ரோக்கு, இரும்பு அடுப்புத் தட்டியோடு லாரன்ஸ். ‘யாரும் கேக்கறதில்ல சார்’ என்கிறார்கள். படம் கொண்டுபோய்க் கொடுத்தால் செய்து தருவார்களாம், ஆனால் புது அச்சின் செலவு நம் தலையில்.

பேக்கிங் மோசம். வைக்கோலும் பழைய பேப்பரும்தான். எங்கள் பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தோணியாரின் கைத்தடி மட்டும் திருச்சி தாண்டுவதற்குள் கழன்றுவிட்டது. போன் செய்தேன். ‘அது கழட்டி மாட்டற மாதிரிதான் சார் செஞ்சது’ என்றார் மருமகள். பார்த்தால் உண்மைதான், மரை போட்டிருந்தது. கிளம்பும் முன்பே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருநாள் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள், யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. பாதிப் பணம் முன்பணம். ரசீதில் ‘அந்தோணியார் 3 அடி’ என்று மட்டும் எழுதுவார்கள். கையில் என்ன, காலடியில் என்ன என்று அதன் கீழேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரித் திருவிழாவுக்கு வேண்டும் என்றால் நவம்பருக்குள் சொல்லிவிட வேண்டும், மழைக் காலத்தில் பெயிண்ட் காய்வதில்லை. பேரம் பேசினால் வண்டி வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். பன்றியின் விலையில் பத்து ரூபாய் குறைக்க மாட்டார்கள்.